லோங் கிடைத்தது, இனி ஷூவா?

கேள்வி: சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டை. போன மாதம் என்னை சூப்பர்வைசர் ஆக்கி, சம்பளமும் கூட்டிக் கொடுத்தார்கள். கூடவே இரவு ஷிப்டும் வந்து சேர்ந்தது. வேலை முடிய அதிகாலை இரண்டு மணி ஆகிறது. அந்த நேரத்தில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. உட்லண்ட்ஸ் வரைக்கும் டாக்சிதான். கூட்டிக் கொடுத்ததில் பெரும்பகுதி டாக்சிக்கே போய்விடுகிறது. எங்கள் மேனேஜர் சீனாவில் ஹெனான் மாகாணத்திலிருந்து வந்த பெண்மணி. நல்லவர்தான். போக்குவரத்துப் படி கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சீனத்தில் ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு, “பார்க்கலாம்” என்று போய்விட்டார். உடன் வேலை செய்யும் சீன நண்பரைக் கேட்டால், “பேராசைக்காரன் என்று அர்த்தம்” என்கிறார். அவர் போனில் எழுதிக் காட்டியதைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. பேராசைக்காரன் என்ற பெயர் எனக்கு எங்கேயும் வந்ததில்லை. அது திட்டா? எங்கிருந்து வந்த வார்த்தை? திரும்பப் போய்க் கேட்கலாமா, விட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில் தருபவர்: சீன மொழி ஆசிரியர், உரைபெயர்ப்பாளர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ‘தே லோங் வாங் ஷூ’. லோங்கைப் பெற்றுவிட்டு ஷூவைப் பார்ப்பது என்று பொருள். லோங், ஷூ இரண்டும் நிலப்பகுதிகளின் பெயர்கள். ஒன்று கைக்கு வந்ததும் அடுத்ததன் மேல் கண் போவதைச் சொல்லும் தொடர் இது. அகராதியைப் புரட்டினால் பேராசை என்றுதான் போட்டிருக்கும், உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது பாதிதான். யார் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார், முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் இந்தத் தொடர் முழுசாகும். சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கதை நடந்தது கி.பி. 32இல். ஹான் வம்சத்து ஆட்சி நடுவில் அறுந்துபோய், நாடு துண்டு துண்டாகக் கிடந்த காலம். அந்த வம்சத்தில் வந்த லியூ ஷியூ என்பவர் 25இல் முடிசூட்டிக்கொண்டு, லுவோயாங்கைத் தலைநகராக வைத்து, ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். வரலாறு அவரைப் பேரரசர் குவாங்வு என்று அழைக்கிறது. லுவோயாங் இன்றைய ஹெனானில்தான் இருக்கிறது. உங்கள் மேனேஜரின் மாகாணம். அவர் பள்ளிக்கூடத்திலேயே இந்தக் கதையைக் கேட்டிருப்பார்.

கிழக்குப் பக்கம் அடங்கிவிட்டது. மேற்கே பெரிய ஆட்கள் இரண்டு பேர் பாக்கி. லோங் பகுதியில் வெய் சியாவ். இன்றைய கான்சு மாகாணத்தின் கிழக்குப் பக்கம் அது. மண்மேடுகளும் பள்ளத்தாக்குகளுமான மேட்டு நிலம். அதற்குத் தெற்கே மலைகளைத் தாண்டினால் ஷூ, இன்றைய சிச்சுவான். அங்கே செங்டுவில் கோங்சுன் என்பவர் தன்னையே பேரரசர் என்று அறிவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கோங்சுன் பற்றி ஒரு துணுக்கு. வெய் சியாவ் தன் ஆளான மா யுவானை, இவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துவர அனுப்பினார். மா யுவானும் கோங்சுனும் ஒரே ஊர்க்காரர்கள், பழைய சிநேகிதர்கள். போனால் கைகோத்து உட்கார்ந்து பேசுவார் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கே கொடி, குடை, காவல், சடங்கு என்று தர்பார் நடந்தது. திரும்பி வந்து மா யுவான் சொன்னது: “அவன் கிணற்றுத் தவளை.” நம் ஊர்த் தவளையேதான். பிறகு இதே மா யுவான் குவாங்வுவைப் போய்ப் பார்த்தார். பந்தா இல்லாமல் பேசியது பிடித்துப்போய், அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்.

லோங் மீது படை எடுப்பதா வேண்டாமா என்று தளபதிகள் தயங்கியபோது வழி காட்டியதும் அவர்தான். பேரரசர் முன்னால் அரிசியைக் கொட்டி, மலை இது, பள்ளத்தாக்கு இது, படை போகிற வழி இது, வருகிற வழி இது என்று குவித்துக் காட்டினார். “எதிரி இப்போது என் கண்ணுக்குள் இருக்கிறான்” என்றார் பேரரசர். மறுநாளே படை கிளம்பியது. வெய் சியாவின் தளபதிகள் 13 பேர் சரணடைந்தார்கள். 16 வட்டங்கள் கையை விட்டுப் போயின. அவர் மனைவி மக்களோடு ஷிசெங் என்ற கோட்டைக்குள் ஒடுங்கினார். ஷாங்குய் என்ற இன்னொரு கோட்டையில் ஷூவிலிருந்து வந்த துணைப்படை இருந்தது. இரண்டையும் ஹான் படை வளைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைநகருக்குப் பக்கத்தில் கலகம் வெடித்தது. பேரரசர் அவசரமாகத் திரும்ப வேண்டியதாயிற்று. போனவர் முற்றுகையில் இருந்த தளபதி சென் பெங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மேனேஜர் சொன்ன நாலு வார்த்தை பிறந்த இடம் அந்தக் கடிதம்தான். ‘பிற்கால ஹான் வரலாறு’ என்ற நூலில், சென் பெங்கின் வாழ்க்கைக் குறிப்பில் அது அப்படியே இருக்கிறது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“இரண்டு கோட்டைகளும் விழுந்ததும் படையைத் தெற்கே நடத்திப்போய் ஷூவைத் தாக்கலாம். போதும் என்பது தெரியாமல் மனிதர்கள் துன்பப்படுகிறார்கள். லோங்கை அடக்கியாயிற்று, மறுபடி ஷூவைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை படை அனுப்பும்போதும் என் தலையும் தாடியும் நரைக்கின்றன.”

தம்பி, இதை இரண்டு தரம் படித்துப் பாருங்கள். யார் யாரைத் திட்டுகிறார்? பேரரசர் சொல்வது தன்னைப் பற்றி. ஆசை விடமாட்டேன் என்கிறது, முடி வேறு நரைக்கிறது என்று கீழே வேலை செய்கிற ஒருவரிடம் அலுத்துக்கொள்கிறார். அதே மூச்சில் ஷூவை அடி என்று உத்தரவும் போடுகிறார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அலுப்பு உண்மையா, கட்டளைக்குப் பூசிய தேனா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. முதலாளிகள் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அகராதி சொல்லாத இன்னொன்றும் உண்டு. கடிதம் எழுதியபோது லோங் முழுசாகக் கைக்கு வரவே இல்லை. சென் பெங் பள்ளத்தாக்கின் தண்ணீரை மறித்து ஷிசெங் கோட்டைக்குள் திருப்பிவிட்டார். தண்ணீர் ஏறி ஏறி, மதில் மூழ்க ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் பாக்கி. அந்தக் கட்டத்தில் மேட்டிலிருந்து ஒரு படை முரசு கொட்டிக்கொண்டு இறங்கியது. “பத்து லட்சம் பேர் வருகிறோம்” என்று கத்திக்கொண்டு வந்தார்கள். உண்மையில் வந்தது ஐயாயிரத்துச் சொச்சம். ஹான் படை மிரண்டு அணி குலைவதற்குள் அவர்கள் உள்ளே புகுந்து, வெய் சியாவை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஹான் படைக்குச் சோறும் தீர்ந்துபோயிற்று. வண்டிகளைத் தாங்களே கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள்.

மீட்க வந்தது எங்கிருந்து வந்த படை? ஷூவிலிருந்து. வெய் சியாவ் அதற்கு முந்தைய ஆண்டே கோங்சுனுக்குக் கீழ்ப்படிந்து, அவரிடம் அரசர் பட்டம் வாங்கியிருந்தார். ஷூ நிற்கிற வரைக்கும் லோங் நிலைக்காது. பேரரசர் ஆசையால் மட்டும் ஷூவைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காவிட்டால் லோங்கும் கையில் தங்கியிருக்காது. பேராசை என்று அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழியில் பாதி அவருக்கு உரியதே அல்ல என்பது என் கட்சி. உங்கள் டாக்சிக் கணக்கைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. கூட்டிக் கொடுத்த சம்பளம் உங்கள் லோங். அதிகாலை இரண்டு மணி டாக்சி அதைத் தின்கிறது.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 33இல் வெய் சியாவ் நோயும் பட்டினியுமாக இறந்தார். 34இல் அவர் மகன் சரணடைய, லோங் முடிந்தது. 35இல் சென் பெங் யாங்சி ஆற்றில் எதிர்நீச்சலாகக் கப்பல் படையோடு ஷூவுக்குள் போனார். வழியில் ஊர்க்காரர்கள் மாடும் மதுவும் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்காமல் திருப்பி அனுப்பியவர். பேராசைத் தொடர் இப்படிப்பட்ட ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பிறந்தது வேடிக்கைதான். ஒரு நாள் அவர் பாசறை போட்ட இடத்தின் பெயர் பெங்வாங். ‘பெங் மடிந்தான்’ என்றும் அதற்குப் பொருள் வரும். மனசுக்குப் பிடிக்கவில்லை, வேறு இடத்துக்கு மாறலாம் என்றார். பொழுது சாய்ந்துவிட்டதால் தங்கிவிட்டார்கள். ஓடிவந்த அடிமை என்று சொல்லிச் சரணடைந்திருந்த ஒருவன், கோங்சுன் அனுப்பிய ஆள், அன்றிரவே அவரைக் குத்திக் கொன்றான். அடுத்த ஆண்டு கோங்சுன் போரில் காயம்பட்டு இறந்தார், செங்டு விழுந்தது. சரணடைந்த ஊரில் ஹான் தளபதி வூ ஹான் தீ வைத்துக் கொள்ளையடிக்க விட்டார். செய்தி கேட்டுப் பேரரசர் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்து என்ன, போன உயிர் போனதுதான்.

ஷூ என்றால் ஏன் எல்லோருக்கும் வாயூறியது என்று கேட்பீர்கள். தண்ணீர்தான் காரணம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் லீ பிங் என்ற அதிகாரி மின் ஆற்றைப் பிரித்து, டுஜியாங்யான் பாசன அமைப்பைக் கட்டினார். செங்டு சமவெளி விளைந்து கொட்டியது. அந்த அமைப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. சுற்றி மலை, உள்ளே சோறு. படை வைத்திருக்கிற எவனுக்கும் கண் போகாதா?

அந்தக் கண் போகாமல் அடக்கிக்கொண்ட ஒருவரும் உண்டு. ஹான் வம்சம் முடியும் தறுவாயில், 215இல், வடக்கே அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த சாவ் சாவ், ஷூவுக்கு வடக்கு வாசலான ஹான்சோங்கைப் பிடித்தார். அப்போது ஷூ அவருடைய போட்டியாளர் லியூ பெய் கையில். அவரும் அதைப் பிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, மக்கள் மனசு இன்னும் அவர் பக்கம் ஒட்டவில்லை. இப்போதே உள்ளே போய்விடலாம் என்றார் சாவ் சாவின் அதிகாரி சிமா யீ. சாவ் சாவ் சொன்ன பதில், குவாங்வுவின் அதே வரி: மனிதர்களுக்குப் போதும் என்பதே இல்லை, லோங் கிடைத்தது, இன்னும் ஷூவும் வேண்டுமா! சொல்லிவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குவாங்வு இதைச் சொல்லிக்கொண்டே முன்னால் போனார், சாவ் சாவ் இதையே சொல்லி நின்றார்.

நின்றது நல்லதாகப் போயிற்றா? 219இல் லியூ பெய் வடக்கே வந்து, சாவ் சாவின் தளபதி ஷியாஹோ யுவானைக் கொன்று, ஹான்சோங்கையே பிடுங்கிக்கொண்டார். சாவ் சாவ் நேரில் வந்து பார்த்தும் முடியவில்லை. அன்றைய இரவுக்கு அடையாளச் சொல் என்ன என்று கேட்டதற்கு ‘கோழி விலா’ என்றாராம். தின்றால் சதை இல்லை, எறிய மனசு வரவில்லை. புரிந்துகொண்ட ஓர் அதிகாரி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஷூவைப் பார்க்காத சாவ் சாவுக்குக் கையிலிருந்த ஹான்சோங்கும் தங்கவில்லை என்றே நான் என் வகுப்பில் சொல்வேன். எதிர்த்து வாதாடுகிறவர்களும் உண்டு. படை களைத்திருந்தது, பின்னால் தெற்கே வேறு எதிரி இருந்தான், போயிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இதுவரை போர். உங்களுக்கு உதவக்கூடியது வீட்டுக்குள் நடக்கிற ஒரு காட்சி. 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘சிவப்பு மாளிகைக் கனவு’ சீனர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாவல். அதன் 48ஆம் அத்தியாயத்தில் ஷியாங்லிங் என்ற பெண் வருகிறாள். சின்ன வயதில் கடத்தப்பட்டு, விற்கப்பட்டு, ஒரு பணக்காரனுக்கு ஆசைநாயகியாக ஆனவள். அவன் வியாபாரத்துக்காக வெளியூர் போக, அவனுடைய தங்கை பாவ்சாய் இவளைத் தன்னோடு பெரிய தோட்டத்தில் தங்க அழைத்துக்கொள்கிறாள். அந்தத் தோட்டத்துக்குள் வரவேண்டும் என்பது இவளுடைய நாள்பட்ட ஆசை. வந்து கால் வைத்த அன்றே கேட்கிறாள்: “அக்கா, இந்தச் சமயத்திலேயே எனக்குக் கவிதை எழுதவும் கற்றுக்கொடுங்களேன்.” பாவ்சாய் சிரித்துக்கொண்டு சொல்வது என்ன தெரியுமா? “நீ லோங்கைப் பெற்று ஷூவைப் பார்க்கிறாய்.” முதல் நாள் வந்திருக்கிறாய், முதலில் பெரிய பாட்டியிலிருந்து ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வா என்கிறாள்.

உங்கள் மேனேஜர் பேசியது இந்தக் குரலில்தான் என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் செல்லமாகச் சீண்டுவது. ‘ஆசையைப் பார்!’ என்போமே, அந்த மாதிரி. வேண்டாம் என்ற பொருள் அதில் இல்லை. கொஞ்சம் பொறு, முறைப்படி செய் என்பதுதான் உண்டு. ஷியாங்லிங் என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வணக்கம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தாய்யூ என்ற இன்னொரு பெண்ணிடம் போய்க் கற்றுக்கொண்டாள். கனவில்கூடக் கவிதை கட்டினாள்.

உண்மையாகவே திட்ட நினைத்தால் சீனத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. ‘மனசு நிறையாதவன், யானையை விழுங்கும் பாம்பு’ என்று ஒன்று இருக்கிறது. மலைகளையும் கடல்களையும் பற்றிய பழைய நூலொன்றில், பா என்ற பாம்பு யானையை விழுங்கி, மூன்று ஆண்டு கழித்து எலும்பைக் கக்கும் என்று வருகிறது. அதிலிருந்து வந்த வசவு. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானே வேறு வேலை பாருங்கள் என்று எழுதியிருப்பேன். நம்மில் ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறான்’ என்றால் சுருக்கென்று தைக்கும். லோங்கும் ஷூவும் அவ்வளவு தைக்காது. ஆனால் எப்போதுமே இனிப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். பேரம் பேசும் மேசையில் நான் கேட்டிருக்கிறேன். விலையைக் குறைத்துக் கொடுத்த பிறகு, வாங்குகிறவர் கப்பல் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பார். விற்கிறவர் சிரிக்காமல், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இந்த நாலு வார்த்தையைச் சொல்வார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் அதை அப்படியே மொழிபெயர்க்க மாட்டேன். “இதற்கு மேல் முடியாது என்கிறார்” என்று மட்டும் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் சிரிப்பும் இருக்கிறது, “பார்க்கலாம்” என்பதும் இருக்கிறது. ஆகவே திரும்பப் போய்க் கேளுங்கள். உடனே வேண்டாம், இந்த மாதச் சம்பளம் வரட்டும். அதற்குள் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்: எத்தனை இரவு வேலை, ஒவ்வொரு இரவும் டாக்சிக்கு எவ்வளவு, கூடிய சம்பளம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டத்தைச் சொல்லிப் புலம்ப வேண்டாம். பதவி உயர்வுக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டு, இரவு ஷிப்டில் நான் தொடர வேண்டுமானால் இந்தச் செலவுக்கு வழி வேண்டும் என்று சொல்லுங்கள். பணமாகத்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கம்பெனி வேன் உட்லண்ட்ஸ் பக்கம் போகிறதா, ஷிப்டை முன்னால் நகர்த்தி கடைசி ரயிலைப் பிடிக்க முடியுமா என்று அவருக்கும் ஒன்றிரண்டு வழி விட்டுவையுங்கள். படி கொடுக்கிற அதிகாரம் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். வேனைத் திருப்பிவிடுவது அவரால் ஆகக்கூடும்.

பேச்சைத் தொடங்கும்போது அந்தத் தொடரை நீங்களே உங்கள் மேல் போட்டுக்கொள்ளலாம். ‘வொ யோவ் தியன் தே லோங் வாங் ஷூ’ என்று சிரித்துக்கொண்டு சொல்லுங்கள். ‘எனக்குக் கொஞ்சம் லோங் கிடைத்து ஷூ ஆசைதான்’ என்று பொருள். தன்னைச் சொல்லிக்கொண்டால் அது பணிவு, பேரரசரே செய்தது. அவரைப் பார்த்து மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். ஓவர்டைம் பார்த்த பிறகு இன்னொரு நாளும் வா என்று அவர் கூப்பிட்டால், பதிலடியாக எடுத்துவிடத் தோன்றும். கீழிருந்து மேலே சொன்னால் அது வேடிக்கையாக எடுபடாது.

உங்கள் நண்பரிடம் கோபிக்க வேண்டாம். அவசரத்தில் கேட்டால் யாரும் அகராதிப் பொருளைத்தான் சொல்வார்கள். அவரையே வைத்துக்கொண்டு உச்சரிப்பைப் பழகுங்கள். ‘தே’ மேலே ஏறும் தொனி, ‘லோங்’ இறங்கி ஏறும், ‘வாங்’ சட்டென்று விழும், ‘ஷூ’ மறுபடி இறங்கி ஏறும். கடைசி ஷூவை வாங் மாதிரியே விழவிட்டால் ‘மரம்’ ஆகிவிடும். அப்படி ஆனாலும் மோசமில்லை, மேனேஜர் இன்னொரு தரம் சிரிப்பார். பேசிவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.